கோடை மலைக்கு எந்த ஹேண்டி? பாவ்ஃபெங், குவான்ஷெங், யேசு ஓர் அலசல்

ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி உரிமம் கையில் வந்ததும், ஹேண்டி என்கிற கையடக்க வயர்லெஸ் செட்டைக் காட்டி எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனை கிலோமீட்டர் போகும்ணே?" கொடைக்கானலில் அதற்கு ஒரே பதில் கிடையாது. கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் கீழே பெரியகுளமும் வைகை அணையும் தெரியும். பார்வை எட்டுகிற இடத்துக்கு 2 மீட்டர் அலையும் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) எட்டும், அதற்கு 5 வாட் தாராளம். அதே செட்டோடு ஏரிக்கரைக்கு இறங்கினால் சுற்றிலும் மேடு. பூம்பாறையில் இருக்கிற நண்பர் நேர்க்கோட்டில் பக்கம்தான், ஆனால் நடுவில் மலை உட்கார்ந்திருக்கிறது. உயரத்தில் நின்று நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்புகிற ரிப்பீட்டர் இல்லாமல் அவரைப் பிடிப்பது சிரமம்.

இந்த ஊரில் வாட்டைப் பார்த்து செட் வாங்குவது வீண் என்று நான் சொல்வது இதனால்தான். 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 10 டெசிபெல். வருகிற சிக்னலின் பலத்தைக் காட்டுகிற எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபெல். பத்து மடங்கு திறனுக்கு இரண்டு புள்ளிகூட முழுசாக ஏறாது. ஒரு மலைமுகடு மறைத்தால் இழப்பது அதைவிட அதிகம். அதனால் நான் பார்ப்பது வேறு மூன்று விஷயங்கள்: செட்டுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா, கணினி இல்லாத இடத்தில் அதற்குள் ஒரு சேனலைப் பதிய முடிகிறதா, கரண்ட் போன நாட்களில் தாங்குகிறதா.

இந்த மூன்றையும் வைத்து எடைபோடப் போவது பாவ்ஃபெங் யுவி-5ஆர், குவான்ஷெங் யுவி-கே5, யேசு எஃப்டி-60ஆர். முதலாவது 2012 வாக்கில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாவது 2023-ல் பேசப்பட்ட புதுவரவு. மூன்றாவது 2004-லிருந்து இருக்கிற பழைய குதிரை. இன்றைக்கு அதைப் பெரும்பாலும் கைமாறித்தான் வாங்க வேண்டியிருக்கும். ஒரு யேசு வாங்குகிற காசில் பாவ்ஃபெங் நாலைந்தாவது வாங்கலாம். மூன்றுமே 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஆகிய இரண்டு அலைப்பட்டைகளிலும் பேசும், மூன்றுமே ஏறக்குறைய 5 வாட்.

முதலில் காது. கோடை பண்பலை 100.5 பற்றித் தென் மாவட்டங்களில் தெரியாதவர் குறைவு. மலை உச்சியில் கோபுரம் இருப்பதால்தான் அது அத்தனை தூரம் கேட்கிறது. சமவெளியில் இருப்பவருக்கு அது வரம். கோபுரத்தின் அருகே ஹேண்டி வைத்திருப்பவருக்கு அதுவே தலைவலி. யுவி-5ஆரில் ரேடியோ முழுவதும் ஒரே சில்லுக்குள் அடங்கிவிடுகிறது. விலை குறைவதும் அதனால்தான். ஆன்டெனாவிலிருந்து வரும் வேண்டாத அலைகளை முன்னாலேயே தடுக்கிற வடிகட்டி இந்த வகைச் செட்டுகளில் பலவீனம். பக்கத்தில் பலத்த ஒலிபரப்பு இருந்தால் உள்ளே இருக்கிற பெருக்கி திணறிப்போய், 145 மெகாஹெர்ட்ஸில் வருகிற மெல்லிய சத்தம் அடங்கிவிடும். சத்தம் எதுவும் கேட்காததால் 'யாரும் பேசவில்லை' என்று நினைத்துக்கொள்வோம். யுவி-கே5-ம் ஒரே சில்லு வகைதான், பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். எஃப்டி-60ஆர் பழைய முறைப்படி வருகிற அலையை இரண்டு படிகளில் மாற்றி வடிகட்டுகிற சூப்பர்ஹெட் ரிசீவர் கொண்டது. நெரிசலான இடத்தில் அதன் காது தெளிவு.

ஊருக்குள், கோபுரம் கண்ணில் படுகிற தூரத்தில் வீடு என்றால் யேசுவைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான் என் வாக்கு. மன்னவனூர், கூக்கால் பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பாவ்ஃபெங்கே போதும்.

காது என்றால் மீட்டரும் சேர்த்திதான். மலையில் அலை நேராகவும் வரும், பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிற இடத்தில் நின்றால் கரகரப்பு, அரை மீட்டர் நகர்ந்தால் தெளிவு. 2 மீட்டர் அலையில் கால் அலைநீளமே சுமார் 50 சென்டிமீட்டர்தான் என்பதால் இரண்டு எட்டு வைப்பது நிஜமாகவே பலன் தரும். எங்கே நிற்பது என்று காட்டத்தான் மீட்டர் வேண்டும். யுவி-5ஆர் திரையில் தெரிகிற மீட்டர் கோடு வெறும் அலங்காரம். சிக்னல் வந்தால் முழுசாக எரியும், இல்லாவிட்டால் அணையும். யேசுவில் படிப்படியாக ஏறும். யுவி-கே5-ல் மாற்று ஃபர்ம்வேர் (செட்டை உள்ளிருந்து இயக்குகிற மென்பொருள்) ஏற்றிவிட்டால் டெசிபெல் கணக்கிலேயே எண் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் குவான்ஷெங்தான் முதல்.

அடுத்தது சேனல் பதிவது. இங்கேதான் மூன்றும் மூன்று திசையில் போகின்றன. சாதாரண ரிப்பீட்டரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 145.700-ல் ஒலிபரப்புகிற ரிப்பீட்டர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 600 கிலோஹெர்ட்ஸ் கீழே, 145.100-ல் நம் குரலைக் கேட்கும். எந்தச் செட்டிலும் இந்த இடைவெளியை, அதாவது ஷிஃப்டை, வைத்தால் வேலை முடிந்தது. சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர். நாம் 145.990-ல், 67 ஹெர்ட்ஸ் டோனோடு (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகிற மெல்லிய ஒலி) பேச வேண்டும், கேட்பது 437.800-ல். பேசுவது ஒரு பட்டை, கேட்பது இன்னொரு பட்டை. அதற்கு மேல் டாப்ளர், அதாவது வேகத்தால் அலைவரிசை நகர்வது: நிலையம் நம்மை நோக்கி வரும்போது 437.810 பக்கம் கேட்கும், விலகிப் போகும்போது 437.790-க்கு இறங்கும். அதனால் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து சேனல் போட்டு, தலைக்கு மேல் கடக்கிற பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

யுவி-5ஆரில் பட்டன் வழியாக இதைச் செய்வது இப்படி. ஆரஞ்சு பட்டனை அழுத்தி, அலைவரிசையை நேராக அடிக்கிற விஎஃப்ஓ நிலைக்கு வாருங்கள், அம்புக்குறி மேல் வரியில் இருக்கட்டும். மெனு 7-ல் இரட்டைக் கேட்பை அணைத்துவிடுங்கள். மெனு 13-ல் 67.0 டோன். அப்புறம் பேண்ட் பட்டனை அழுத்தி யுஎச்எஃப் (70 சென்டிமீட்டர்) பக்கம் போன பிறகுதான் 437.800 அடிக்க வேண்டும். தவறான பட்டையில் இருந்தபடி அடித்தால் செட் ஏற்காமல் திரும்பிவிடும், காரணமும் சொல்லாது. மெனு 27-ல் காலியான ஒரு சேனலைத் தேர்ந்து சேமித்தால் உள்ளே இருக்கிற பெண் குரல் ஆங்கிலத்தில் 'ரிசீவிங் மெமரி' என்று அறிவிக்கும். மறுபடி பேண்ட் பட்டன், 145.990, மெனு 27, அதே சேனல். இப்போது 'டிரான்ஸ்மிட்டிங் மெமரி' என்று சொல்ல வேண்டும். சொன்னால் சரி. இதை ஐந்து முறை செய்ய வேண்டும். அந்தச் சேனலில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் மெனு 28-ல் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

யேசுவில் மெனு எண் மனப்பாடம் தேவையில்லை. டோனை வைத்துக்கொண்டு 437.800-க்கு வாருங்கள். எஃப்/டபிள்யூ பட்டனை ஒரு வினாடி அழுத்திப் பிடித்து, மேலே உள்ள குமிழைத் திருகிச் சேனலைத் தேர்ந்து, மறுபடி எஃப்/டபிள்யூ. பின்னர் 145.990, அதே சேனல். இந்த முறை, பேசுவதற்கு அழுத்துகிற பிடிடி பட்டனைப் பிடித்துக்கொண்டே எஃப்/டபிள்யூவைத் தட்ட வேண்டும். பிடிடியை அழுத்துகிறோமே, ஒலிபரப்பாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அந்த நேரத்தில் ஆகாது. மார்கழிக் குளிரில் விரல் விறைத்துப்போன நிலையிலும் குமிழைத் திருக முடிகிறது. யுவி-5ஆரின் சின்னப் பட்டன்களில் அந்த வசதி இல்லை. யுவி-கே5-ன் மெனு எழுத்தில் தெளிவாக வருகிறது, புதிதாகப் பழகுபவருக்கு அதுதான் எளிது. ஆனால் இது மாதிரி இரண்டு பட்டைச் சேனலுக்கு நான் அதை கேபிள் போட்டே செய்வேன்.

கேபிள் என்றதும் கணினியிலிருந்து சேனல் ஏற்றுகிற சிர்ப் மென்பொருள். இலவசம், மூன்று செட்டுக்கும் பொருந்தும். எக்செல் தாள் மாதிரி வரிசைகளில் அலைவரிசை, பெயர், டோன், ஷிஃப்ட் எல்லாம் எழுதலாம். ஒரு பழக்கம் மட்டும் கட்டாயம்: முதலில் செட்டில் உள்ளதை இறக்கி, அதைத் தனியாகச் சேமித்து, பிறகுதான் மாற்றி ஏற்ற வேண்டும். நண்பர் அனுப்பிய கோப்பை அப்படியே ஏற்றாதீர்கள். இரண்டு செட்டும் ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே ஃபர்ம்வேர் வேறாக இருக்கும். அவர் கோப்பை இன்னொரு தாளில் திறந்து, வேண்டிய வரிகளை மட்டும் நகலெடுத்து உங்கள் தாளில் ஒட்டுங்கள். விண்வெளி நிலையச் சேனலுக்குப் பாவ்ஃபெங்கிலும் யேசுவிலும் டூப்ளெக்ஸ் கட்டத்தில் 'ஸ்ப்ளிட்' தேர்ந்து, ஆஃப்செட் கட்டத்தில் 145.990 எழுதினால் முடிந்தது. பெயருக்கு யுவி-5ஆரில் ஏழு எழுத்து, யேசுவில் ஆறு, குவான்ஷெங்கில் பத்து.

கேபிளில் தகராறு அதிகம். மலிவான கேபிள்களில் ப்ரோலிஃபிக் சில்லின் போலி இருக்கும், புது விண்டோஸ் டிரைவர் அதை ஏற்க மறுக்கும். எஃப்டிடிஐ சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸ் வைத்திருப்பவருக்கு எதுவானாலும் பெரும்பாலும் ஓடிவிடும். பாவ்ஃபெங்கும் குவான்ஷெங்கும் ஒரே இரட்டை முனை கேபிளில் வேலை செய்யும். குவான்ஷெங்கில் இருக்கிற சி-வகைத் துளை சார்ஜுக்கு மட்டும்தான், அதில் செல்போன் கேபிளைச் செருகி சேனல் ஏற்றலாம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். யேசுவுக்குத் தனி கேபிள். அதில் இன்னொரு சடங்கும் உண்டு: மானிட்டர் பட்டனைப் பிடித்தபடி செட்டைப் போட்டு, குமிழைத் திருகி குளோன் நிலைக்குப் போன பிறகுதான் கணினியோடு பேசும்.

குவான்ஷெங்கின் மாற்று ஃபர்ம்வேர் தனிக் கதை. பிடிடியைப் பிடித்தபடி செட்டைப் போட்டால் டார்ச் எரியும், அதுதான் புது ஃபர்ம்வேர் ஏற்கத் தயாரான நிலை. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் எழுதிய பதிப்புகள் இருக்கின்றன. அலைக்கற்றையை வரைபடமாகக் காட்டுகிற வசதி அதில் எனக்குப் பிடித்தது. தாண்டிக்குடிச் சாலையில் ஒரு மேட்டில் நின்று, 144-லிருந்து 146 வரை எங்கே மேடு எழும்புகிறது என்று பார்த்தால் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்பது சட்டென்று தெரிந்துவிடும். ஏற்றுவதற்கு முன் செட்டின் அளவீட்டுத் தரவை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது போனால் செட்டின் திறனும் மீட்டரும் தாறுமாறாகிவிடும். நோண்டிப் பார்க்கிற ஆசை இல்லாதவருக்கு இந்தச் செட்டில் பாதி பயன் போய்விடும்.

மூன்றாவது, கரண்ட். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது இந்த மலையில் மரம் சாய்ந்து சாலையும் மின்சாரமும் நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளுக்கு குவான்ஷெங் வசதி, பவர் பேங்கிலேயே சார்ஜ் ஆகும். யுவி-5ஆரோடு வருவது மேசைத் தொட்டில், அதற்கு அதன் அடாப்டர் வேண்டும். யேசுவின் நிக்கல் பேட்டரி 1400 மில்லி ஆம்பியர் மணி, சார்ஜ் ஏற ராத்திரி முழுக்க ஆகும். ஆனால் அதற்கு ஆறு ஏஏ செல் போடுகிற பெட்டி கிடைக்கிறது. மூஞ்சிக்கல்லில் எந்தப் பெட்டிக்கடையிலும் செல் வாங்கிப் போட்டு, கேட்கவும் குறைந்த திறனில் பேசவும் செய்யலாம். மழை, மூடுபனி பற்றிக் கேட்பார்கள். 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. நனைந்த சோலைக்காடு 70 சென்டிமீட்டரைத்தான் அதிகம் உறிஞ்சும், காட்டுக்குள் 2 மீட்டரிலேயே இருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஹாமுக்கு உள்ள பட்டைகள் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸ். உரிமம் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. 12 வயதிலிருந்து தேர்வு எழுதலாம். உரிமம் இல்லாதவருக்கு 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த திறன் செட்டுகள் உண்டு, இந்த மூன்றும் அந்த வகை அல்ல. ஆன்லைனில் வாக்கி-டாக்கி விற்பதற்கு 2025-ல் தனி வழிகாட்டுதலே வந்துவிட்டது. பாவ்ஃபெங் 136-லிருந்து 174 வரை எங்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பக்கூடிய நிலையில்தான் பெட்டியிலிருந்து வருகிறது. மலையில் போலீஸ், வனத்துறை எல்லோருக்கும் வயர்லெஸ் இருக்கிறது. தெரியாமல் பிடிடியை அழுத்திவிட்டால் விளையாட்டு அல்ல. சிர்ப்பில் யுவி-5ஆரின் மேல், கீழ் எல்லையை 146, 144 என்று கட்டிவிடலாம். கேட்க மட்டும் உள்ள சேனலில் டூப்ளெக்ஸ் கட்டத்தை 'ஆஃப்' வைத்தால் அதில் பேச வராது. இந்த இரண்டையும் செய்யாமல் பாவ்ஃபெங்கை வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பேசி முடித்ததும் ஒலிக்கிற, மெனு 39-ல் இருக்கிற ரோஜர் பீப்பையும் அணையுங்கள், ரிப்பீட்டரில் கேட்பவர்களுக்கு எரிச்சல்.

எந்தச் செட்டை வாங்கினாலும் அதோடு வரும் ரப்பர் ஆன்டெனாவை நம்பி இருக்காதீர்கள். ரிப்பன் வயரில் செய்த சுருட்டி வைக்கக்கூடிய ஜே-போல் ஆன்டெனா ஒன்றை, சுமார் ஒன்றரை மீட்டர் நீளம் வரும், சில்வர் ஓக் கிளையில் கயிறு போட்டு ஏற்றினால் மூன்று செட்டுக்கும் இடையில் இதுவரை சொன்ன வித்தியாசங்களில் பாதி மறைந்துவிடும். ஆர்டர் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாவ்ஃபெங்கிலும் குவான்ஷெங்கிலும் ஆன்டெனா முனையின் ஊசி செட்டில் இருக்கும், யேசுவில் ஊசி ஆன்டெனாவில் இருக்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. இரண்டும் வைத்திருப்பவர் மாற்று முனை ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. வத்தலக்குண்டு இறங்கித் தேடினாலும் அது கிடைக்காது, பார்சலில்தான் வர வேண்டும்.