நியூயார்க் கம்யூனிட்டி போர்டு: கமிட்டி நாளிலேயே போய்விடுங்கள்

நியூயார்க் நகரத்தில் வட்டார விஷயங்களில் ஆலோசனை சொல்லும் கம்யூனிட்டி போர்டுகள் மொத்தம் 59. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 50 பேர், சம்பளம் இல்லை. பரோ (நகரத்தின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்று) தலைவர் நியமிக்கிறார். அதில் பாதிப் பேர் நகரக் கவுன்சில் உறுப்பினர்களின் பரிந்துரை. ஸோனிங் (எந்த இடத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதி) மாற்றம், அந்த விதியிலிருந்து விதிவிலக்கு, பாருக்கான மது உரிமம் எல்லாம் இவர்கள் முன்னால் வரும். இவர்கள் ஓட்டு யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால் போர்டைப் பேச்சு மேடை என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. தீர்மானத்தோடு சேர்த்து எழுதப்படும் நிபந்தனைகளைப் படித்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஸோனிங் மனுவுக்கான வழக்கமான நடைமுறைக்கு யூலர்ப் என்று பெயர். நகரத் திட்டத்துறை மனு முழுமையானது என்று சான்றளித்ததும் நாள் கணக்கு ஆரம்பம்: போர்டுக்கு 60, பரோ தலைவருக்கு 30, திட்ட ஆணையத்துக்கு 60, கவுன்சிலுக்கு 50. சான்றுக்கு முன்பே சுற்றுச்சூழல் ஆய்வு உட்பட நீண்ட வேலை நடந்து, வரைபடம் கிட்டத்தட்ட இறுகிவிடுகிறது. அதன்பின் உயரத்தைக் குறைக்கக் கேட்கலாம். ஆய்வு செய்த அளவைத் தாண்டி எதையும் கூட்டச் சொன்னால் நடக்காது. 2019 சாசனத் திருத்தத்துக்குப் பிறகு, சான்றுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே திட்டச் சுருக்கம் போர்டுக்கு வந்தாக வேண்டும். அந்தச் சுருக்கத்தைப் போர்டின் மாவட்ட மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். திட்டத்துறையின் ஜாப் (ZAP) இணையதளத்திலும் மனு அதற்கு முன்பே தெரியும்.

உண்மையான வேலை நடப்பது நிலப்பயன்பாட்டுக் கமிட்டியில். வக்கீலும் ஆர்க்கிடெக்டும் நேரில் இருப்பார்கள், குறுக்குக் கேள்வி கேட்கலாம். முழு போர்டு கூட்டத்தில் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் கமிட்டியின் வரைவு தயாராகியிருக்கும், பல நேரம் அப்படியே நிறைவேறும். "நிழல் விழும்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தப் பூங்காவில், எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று ஆய்வறிக்கைப் பக்க எண்ணோடு எழுதிக் கொடுப்பது தீர்மானத்தில் ஏறும்.

விதிவிலக்கு மனுக்களில் குடியிருப்பவர்களின் பேச்சு அடிக்கடி வீணாகிறது. பார்க்கிங் போச்சு என்று அரை மணி நேரம் பேசுவார்கள். முடிவெடுக்கும் மேல்முறையீட்டு வாரியமோ ஐந்து கேள்விகளை மட்டுமே பார்க்கும்: மனைக்கே உரிய தனிச் சிக்கல் உண்டா, விதிப்படி கட்டினால் நியாயமான வருமானம் வராதா, வட்டாரத்தின் தன்மை கெடாதா, சிக்கல் உரிமையாளர் தானே உண்டாக்கியதில்லையா, கேட்பது குறைந்தபட்சம்தானா. பார்க்கிங் கவலையை மூன்றாவது கேள்விக்குள் பொருத்திச் சொன்னால் காது கொடுப்பார்கள்.

மது உரிமத்தில்தான் இந்த அமைப்புக்கு முழு மதிப்பெண். மாநில மது ஆணையத்துக்கு மனுப் போடுவதற்கு 30 நாள் முன்பே போர்டுக்கு அறிவிப்புத் தர வேண்டும். 500 அடிக்குள் அங்கேயே குடிக்க எல்லா வகை மதுவும் பரிமாறும் முழு உரிமங்கள் ஏற்கெனவே மூன்று இருந்தால், பொதுநலன் என்ன என்று தனி விசாரணை. அங்கே போர்டின் கருத்துக்கு எடை அதிகம். மூடும் நேரம், பின்கட்டு எத்தனை மணி வரை, டிஜே உண்டா, கதவு ஜன்னல் எப்போது சாத்துவது என்று எழுதிக் கையெழுத்தாகும் ஒப்பந்தம் உரிமத்திலேயே சேர்ந்தால், மீறினால் உரிமத்துக்கே ஆபத்து. இது தெரியாத புதுக் கடைக்காரர்கள் சட்டம் அனுமதிக்கிறதே என்று அதிகாலை 4 மணி வரை திறக்கக் கேட்டுப் பகையை வாங்கிக்கொள்கிறார்கள். வாரநாள், வார இறுதி என்று நேரத்தைப் பிரித்து, ஒலித்தடுப்புத் திட்டத்தையும் எடுத்துக்கொண்டு, மேல்மாடியில் இருப்பவர்களை முதலில் பார்த்துப் பேசிவிட்டு வருகிறவர்களுக்குக் கமிட்டி சுலபமாக முடிகிறது.

ஒரு குறை: போர்டுக்குப் போர்டு கேள்வித்தாள், கெடு, பேசப் பதியும் முறை எல்லாம் வேறு. ஆகஸ்டில் பல போர்டுகள் கூடுவதே இல்லை.

2025 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற மாற்றத்தால், சிறிய வீட்டுத் திட்டங்களுக்குப் போர்டும் பரோ தலைவரும் ஒரே 60 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். இவற்றில் இனி போர்டு முடிவுக்குக் காத்திருந்து பரோ தலைவருக்கு எழுத அவகாசம் இல்லை. கமிட்டிக்குத் தரும் கடிதத்தின் நகலை அன்றே அவருக்கும் அனுப்புங்கள்.