விட்டம் அளக்கும் ஸ்டீல் நாடா: இரண்டு சுற்று அளந்த பிறகு

நிரந்தர மாதிரித் திட்டுகளில், அதாவது அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்கவென்று காட்டில் குறித்து வைத்த இடங்களில், மரம் அளக்க வாங்கிய நாடா இது. சென்டிமீட்டர் கோடுகளை 3.14 மடங்கு இடைவெளி விட்டு அச்சிட்டிருப்பதால், மரத்தைச் சுற்றிப் பிடித்தாலே விட்டம் நேராகத் தெரியும், சுற்றளவை 3.14 ஆல் வகுக்கும் வேலை இல்லை. முன்பு வைத்திருந்த துணி நாடா ஈரத்தில் இழுபட்டுப் போய், நன்றாக இருந்த மரங்களெல்லாம் மெலிந்துவிட்டதாகக் காட்டியது! வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பருக்கும் மரத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளக்கும்போது ஒரு சென்டிமீட்டர் தப்பினால், அந்த எண்ணை வைத்துக் கட்டும் வளர்ச்சி மாதிரி (மரம் இனி எவ்வளவு வளரும் என்று கணிக்கும் கணக்கு) என்ன லட்சணத்தில் இருக்கும்? ஸ்டீலில் அந்தத் தொல்லை இல்லை.

பனாமாவில் உள்ள பாரோ கொலராடோ தீவின் 50 ஹெக்டேர் காட்டுத் திட்டில் 1 செ.மீ. விட்டமுள்ள தண்டைக்கூட விடாமல் அளக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய தண்டுக்கு இந்த நாடா சரிப்படாது, இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து அளக்கும் காலிப்பர்தான் வேண்டும்.

குறை என்றால், பால் வடியும் மரங்களில் பிசின் ஒட்டி, துடைக்கத் துடைக்க எண்கள் மங்கிவிட்டன. விற்றவரிடம் கேட்டால் பதிலே இல்லை. அப்புறம், 1.3 மீட்டர் உயரத்தில் பெயின்ட் கோடு போடாமல், போன முறை அளந்த இடத்தைத் தவறவிட்டால் எந்த நாடாவும் காப்பாற்றாது. எண்களைச் செதுக்கிய ரகம் கிடைத்தால் உடனே மாறிவிடுவேன்.