வீவக இன விகிதச் சரிபார்ப்புச் சேவை: வீடு வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியவை

மறுவிற்பனை வீடு தேடுகிறீர்களா? முகவரோடு போய் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தளத்தில் இன விகிதச் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். புளோக் எண், சாலைப் பெயர், இனம், குடியுரிமை நிலை ஆகியவற்றைக் கொடுத்தால் போதும், அங்கு நீங்கள் வாங்க முடியுமா என்ற பதில் உடனே வந்துவிடும். கலப்புத் திருமணத் தம்பதியர் வாங்கும்போது இருவரில் ஒருவரின் இனத்தைக் குடும்பத்தின் இனமாகக் காட்டலாம்.

இந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பது 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. ஒவ்வொரு வட்டாரத்திலும் புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரின் பங்குக்கும் உச்சவரம்பு வைப்பதே அது. ஹவ்காங்கில் சீனர்கள், பிடோக், தெம்பனிஸ் பகுதிகளில் மலாய்க்காரர்கள், யீஷூனில் இந்தியர்கள் என வட்டாரங்கள் பிரியத் தொடங்கியதைச் சுட்டிக்காட்டி இதை அறிவித்தவர் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். 1964 இனக் கலவரங்களைக் கண்ட நாடு பல இன வாழ்வைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட விரும்பவில்லை. கொள்கைக்கு முந்தைய ஆண்டு, 1988இல் வந்த குழுத்தொகுதி முறையும் (குழுவாகப் போட்டியிடும் வேட்பாளர்களில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டிய தேர்தல் முறை) இதே சிந்தனையில் பிறந்ததுதான். 1980இல் பிரிட்டனில் தாட்சர் அரசு, தனிமனித உடைமையே பெரிது என்று நம்பி, நகராட்சி வீடுகளைக் குடியிருந்தோருக்கே விற்றது. பொது வீடமைப்பு ஒன்றுதான் என்றாலும் சித்தாந்தம் மாறினால் முடிவும் மாறிவிடுகிறது.

இந்தியர், மற்றவர் பிரிவுக்கு உச்சவரம்பு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. 2010 வரை அது 10, 13 ஆக இருந்தது. சீனர்களுக்கு 84, 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. ஒரு புளோக்கில் நம் வரம்பு நிரம்பிவிட்டால், அதே பிரிவைச் சேர்ந்தவர் விற்கும் வீட்டை மட்டுமே நாம் அங்கு வாங்க முடியும்.

விற்பவருக்குத்தான் அடி பலம். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோரில் பெரும்பகுதி இப்படிக் கழிந்துவிடுவதால் விலை இறங்குகிறது, விற்கவும் நாளாகிறது. இப்படிச் சிக்கி, முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. முப்பது ஆண்டுத் தாமதம் மிக அதிகம்.

பலர் தடுமாறும் இடம் தேதி. விகிதம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் விற்பவர் வாங்குபவருக்குத் தரும் வாங்கும் உரிமைப் பத்திரத்தின் காலம் 21 நாள். 20ஆம் தேதி ‘முடியும்’ என்று வந்த பதிலை நம்பி 1,000 வெள்ளி வரை முன்பணம் கட்டிவிட்டு, மறுமாதம் விண்ணப்பிக்கும்போது வரம்பு நிரம்பியிருக்கலாம். பத்திரம் வாங்கும் முன்பும், உரிமையை உறுதிசெய்யும் முன்பும், விண்ணப்பிக்கும் அன்றும் மறுபடி சரிபாருங்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே மாதத்துக்குள் முடிப்பது நல்லது.

கொள்கை தேவை என்பதில் ஐயமில்லை. வேகத்துக்கும் தெளிவுக்கும் சேவையைப் பாராட்டலாம். ஆனால் முடியும், முடியாது என்பதோடு நிறுத்தாமல், வரம்பை எட்ட இன்னும் எத்தனை வீடுகள் உள்ளன என்பதையும் பக்கம் காட்ட வேண்டும்.