வேரிகேட்டட் மிளகாய் விதை வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

வெள்ளையும் பச்சையுமா இலை வர்ற மிளகாய் விதை ஆன்லைன்ல தேடிட்டு இருக்கீங்களா, அப்ப கொஞ்ச நேரம் ஒதுக்கி இதைப் படிங்க. காசு போச்சுன்னு எழுதல, அது போனா போகட்டும், ஏழு வருஷமா விதை எடுத்து எடுத்து காப்பாத்திட்டு வந்த என் செடிகளை ஒரே ஒரு பொட்டலம் கிட்டத்தட்ட அழிச்சிடுச்சு, இன்னமும் நினைச்சா வயிறு எரியுது.

என்கிட்ட இருக்கறது ஃபிஷ் பெப்பர். பாக்காதவங்களுக்கு சொல்றேன், இலையில வெள்ளைத் திட்டு அங்கங்க தெளிச்ச மாதிரி இருக்கும், காயும் முதல்ல பால் வெள்ளையில பச்சைக் கோடு போட்டு வரும், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில சிவப்பு. அமெரிக்காவுல செசபீக் வளைகுடாப் பக்கம் கருப்பின மக்கள் தலைமுறை தலைமுறையா வளர்த்த மிளகாய், நடுவுல அழிஞ்சே போயிருக்கும். ஹொரேஸ் பிப்பின்னு ஒரு ஓவியர், முதல் உலகப்போர்ல வலது தோள்ல குண்டடி பட்டவர், அந்த வலிக்குத் தேனீ கொட்டினா நல்லதுன்னு நம்பி 1940கள்ல ஒரு தேனீ வளர்க்கறவர்கிட்டப் போவாராம், பதிலுக்கு அவருக்குப் பழைய விதைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். அந்தத் தேனீக்காரரோட பேரன் வில்லியம் வாய்ஸ் வீவர், தாத்தா போனப்புறம் ஃப்ரீசர்ல இருந்த ஜாடிகள்ல இந்த விதையைக் கண்டெடுத்து 1995ல எல்லாருக்கும் கொடுக்க ஆரம்பிச்சார். ஒரு வீட்டு ஃப்ரீசர் இல்லன்னா இன்னிக்கு நம்ம யார் கையிலயும் இது இல்ல. இதைப் படிச்சதுல இருந்துதான் நானும் வருஷா வருஷம் பூவுக்கு வலைப்பை கட்டி, தேனீ வேற மிளகாயோட மகரந்தத்தைக் கொண்டாந்து கலக்காம பாத்து, நல்ல செடியில மட்டும் விதை எடுத்து, காயவச்சு, சிலிக்கா ஜெல் போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு வர்றேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒருத்தர் போட்டிருந்த போட்டோவுல மிளகாய் இலை ஓரம் முழுக்க சுத்தி வெள்ளை, நடுவுல பச்சை, அவ்ளோ அழகு. 'எஃப் 6, ஸ்டேபிள், நூறு சதவீதம் அப்படியே வரும்'னு எழுதியிருந்தார் (எஃப் 6ன்னா கிராஸ் பண்ணினதுல இருந்து ஆறாவது தலைமுறை, ஸ்டேபிள்னா குணம் மாறாம வர்றது). என் செடியோட இதை கிராஸ் பண்ணிப் பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு. தாய்ச்செடி வீடியோ கேட்டேன், போன் ரிப்பேர்ல இருக்குன்னார். அங்கயே நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. 20 விதை வாங்கினேன்.

என் நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இருந்துச்சு. ஃபிஷ் பெப்பர்ல வெள்ளை வர்றது மரபணுல இருக்கற குணம், விதை வழியா வரும், பச்சை மிளகாயோட கலந்தா முதல் தலைமுறையில மறைஞ்சு அடுத்த தலைமுறையில நாலுல ஒண்ணுக்கு வெளிய வரும், வெளிய வந்ததைத் தனியா விதை எடுத்தா அதுக்கப்புறம் அப்படியே வந்துட்டே இருக்கும். அதனால மிளகாய்ல 'ஸ்டேபிள்'ங்கறது பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா ஓரம் மட்டும் சுத்தமா வெள்ளைங்கறது வேற கதை, இதை நான் காசு கொடுத்தப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். அப்படி ஓரம் கட்டின மாதிரி வர்றது பெரும்பாலும் சைமீரா, அதாவது ஒரே செடிக்குள்ள ரெண்டு விதமான செல். குருத்து நுனியில அடுக்கடுக்கா செல் இருக்கும், அதுல ரெண்டாவது அடுக்குலருந்துதான் இலையோட ஓரமும் வருது, பூவுக்குள்ள கருமுட்டையும் மகரந்தமும் வருது. ஓரம் வெள்ளைன்னா ரெண்டாவது அடுக்கு வெள்ளை. அப்ப அந்தச் செடியோட விதையில என்ன வரும்? பச்சையமே இல்லாத வெள்ளைக் குட்டிங்கதான் வரும், வித்திலையில இருக்கற சத்து தீர்ற வரைக்கும் நிக்கும், அப்புறம் செத்துடும். அந்தப் போட்டோ உண்மைன்னா அதே மாதிரி வர்ற விதைன்னு வித்திருக்கவே முடியாது, விதை உண்மைன்னா அந்தப் போட்டோ அதோடது இல்ல. ரெண்டு நிமிஷம் யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். (பாம்புக் கற்றாழையில மஞ்சள் ஓரம் போட்டது வீட்ல இருந்தா ஒரு இலையை வெட்டி நட்டுப் பாருங்க, வர்ற குட்டிக்கு அந்த ஓரம் இருக்காது, பக்கக் கன்னைப் பிரிச்சு நட்டாதான் வரும். இதுவும் சைமீராதான்.)

20ல 14 முளைச்சுது. 9 சுத்தப் பச்சை. ரெண்டு முழு வெள்ளை, மெழுகுல செஞ்ச மாதிரி, வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் விரல் நிழல் தெரியும், பத்தாம் நாள் ரெண்டும் தண்டு துவண்டு சாஞ்சுடுச்சு. மீதி மூணுல, வித்திலைக்கு அப்புறம் வர்ற நிஜ இலையில மூணாவது வரும்போது வெளிர் மஞ்சள் திட்டு வந்துச்சு. சந்தோஷத்துல குதிச்சேன். அந்த மூணையும் நல்ல தொட்டிக்கு மாத்தி, இருக்கறதுலயே நல்ல வெளிச்சம் வர்ற இடத்துல, என் ஃபிஷ் பெப்பர் வரிசைக்குப் பக்கத்துலயே வச்சேன். நுனி கிள்ளினேன், அதே கத்தரியால என் பழைய செடிங்களையும் கிள்ளினேன். இதுதான் நான் பண்ணின பெரிய தப்பு.

அது வேரிகேஷனே இல்ல, அதாவது பிறவியிலயே வர்ற வெள்ளைத் திட்டு இல்ல, தேமல் நோய். வைரஸ்.

ரெண்டு மூணு வாரத்துல என் செடிங்க புது இலை சுருங்கி, நரம்புக்கு நடுவுல புடைச்சுக்கிட்டு, சிலது ஒடுங்கி வால் மாதிரி வர ஆரம்பிச்சுது. சாதாரணப் பச்சை மிளகாயா இருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன், இது ஏற்கனவே வெள்ளைத் திட்டு இருக்கற செடிங்கறதால நோயோட திட்டு அதுக்குள்ளயே ஒளிஞ்சிக்கிச்சு. சந்தேகம் வந்து வைரஸ் பாக்கற ஸ்ட்ரிப் வாங்கினேன், இலைத் துண்டை அவங்க கொடுக்கற பையில திரவத்தோட நசுக்கி, அதுல ஸ்ட்ரிப்பை விட்டு நிக்க வைக்கணும், கர்ப்பம் பாக்கற கிட் மாதிரிதான். ஒரு கோடு வந்து நின்னுச்சு, அப்பாடான்னு மூச்சு விட்டேன், கொஞ்ச நேரத்துல மெதுவா ரெண்டாவது கோடும் ஏறிச்சு. புகையிலைத் தேமல் வைரஸ் வகை. இந்த வகை விதை மேல்தோல்லயே ஒட்டிட்டு வரும், கை, கத்தரி, துணி எல்லாத்துலயும் பரவும், காஞ்ச செடிக் குப்பையில வருஷக்கணக்கா உயிரோட இருக்கும், இதுக்கு மருந்து கிடையாது. பீடி சிகரெட் புகையிலை தொட்ட கையால கூட மிளகாய்ச் செடியத் தொடக்கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

என் வரிசையில 11 செடியப் பிடுங்கினேன். நாலுல பூ வந்திருந்துச்சு, வலைப்பை கட்டினபடியே பிடுங்கி மூட்டை கட்டினேன். உரக்குழியில போடல, நீங்களும் போட்றாதீங்க.

விதை வித்தவருக்கு எல்லா போட்டோவும் அனுப்பினேன். 'பாருங்க, வேரிகேஷன் வந்திருக்குல்ல, வளர வளர ஓரத்துக்குப் போகும்'னு பதில் போட்டார். அப்படி எந்தத் திட்டும் நகர்ந்து ஓரத்துக்குப் போகாது. எந்தக் கிளையில இருந்து காய் பறிச்சீங்கன்னு கேட்டேன், அதுக்கு பதிலே இல்ல. இந்தக் கேள்வியை நீங்க யார்கிட்ட விதை வாங்கினாலும் கேளுங்க, ஏன்னா சில வகையில கிளைக்குக் கிளை மாறும். 1909லயே காரென்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் அந்திமந்தாரையில இதைக் காட்டிட்டார், பச்சைக் கிளை விதையில பச்சை, வெள்ளைக் கிளை விதையில வெள்ளை, கலந்த கிளையில மூணு விதமும் வரும், மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் சரி. நிஜமா வளர்க்கறவங்க இதைக் கேட்டா சந்தோஷமா அரைமணி நேரம் பேசுவாங்க. இவர் என்னை பிளாக் பண்ணிட்டார்.

அப்புறம்தான் அந்தப் போட்டோவை இமேஜ் சர்ச்ல போட்டேன், வேற நாட்டு ஆள் பல வருஷம் முன்னாடி போட்ட படம். ஒரு இலை நுனியில சின்னதா ஓட்டை, ரெண்டு படத்துலயும் அதே ஓட்டை.

திட்டைப் பாக்கும்போது நான் இப்ப பாக்கறது இதுதான். நிஜ வேரிகேஷன்ல வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவுல கோடு தெளிவா இருக்கும், வெள்ளை வெள்ளையாவே இருக்கும். தேமல்ல வெளிர் பச்சை, கரும்பச்சை, மஞ்சள்னு கரைஞ்சு கரைஞ்சு போகும், இலை மேடு பள்ளமா இருக்கும். வெள்ளைப் பக்கம் மெதுவா வளர்றதால நல்ல செடியிலயும் இலை கொஞ்சம் கோணலாகும், அதனால ஒரு இலையை வச்சு முடிவு பண்ணாதீங்க, புதுசா வர்ற நாலஞ்சு இலையும் பாருங்க. வெளிய இருந்து வந்த எந்த விதையையும் இப்ப நான் வைரஸை அழிக்கற ட்ரைசோடியம் பாஸ்பேட்ங்கற உப்புக் கரைசல்ல ஊறவச்சு, நல்லாக் கழுவித்தான் போடறேன், அதுவும் மேல்தோல்ல ஒட்டினதுக்குத்தான் உதவும், விதைக்குள்ள போயிருந்தா உதவாது. அதனால அந்த நாத்து பூ விடற வரைக்கும் தனி இடம், தனிக் கத்தரி.

ஃப்ரிட்ஜ்ல மூணு வருஷம் முன்னாடி எடுத்த விதைப் பொட்டலம் ஒண்ணு இருந்துச்சு, நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. 30 போட்டேன், 8 முளைச்சிருக்கு. ஆறுல வெள்ளை தெரிய ஆரம்பிச்சிடுச்சு, ரெண்டு இன்னும் பச்சையாவே இருக்கு, காத்திருக்கேன்.

அந்த ஆளு இப்ப வேற பேர்ல விக்கறார், அதே ஓட்டை இலைப் படம்தான், கீழ இந்தத் தடவை எஃப் 8ன்னு போட்டிருக்கார். ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா விதைய யாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்காதீங்க. முளைச்சிருந்தா இன்னிக்கே மத்த மிளகாய், தக்காளி, கத்தரிச் செடிங்ககிட்ட இருந்து தள்ளி வச்சிடுங்க, கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு அப்புறம் மத்ததைத் தொடுங்க.