தம்பிக்கு மட்டும் சொல்லாத நோய்

"எத்தனை நாள் தூங்காம இருந்தீங்க?" டாக்டர் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எட்டு நாள்."

"களைப்பா இருந்துச்சா?"

"இல்ல சார், அப்பதான் நல்ல தெம்பா இருந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரம் ஊரில் இருந்தோம். எழுத எனக்கு இருப்பது அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது, "அம்மன் என்கிட்டப் பேசுறா" என்பதை நல்ல ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தான். அதோடு சிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று எழுதியாகிவிட்டது. பிறகு பார்த்த ஒவ்வொரு டாக்டரும் கணினியில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுத்தான் அவன் முகத்தையே பார்த்தார்கள். தூக்கத்தைப் பற்றி யாரும் துருவிக் கேட்கவில்லை. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், நோயாளியின் அந்தரங்கம் என்று வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

இங்கே அந்தரங்கமாவது ஒன்றாவது! பெயரைக் கூடம் அதிரக் கூப்பிட்டார்கள்; அப்பா, அம்மா, சித்தி, நான் என்று நான்கு பேர் தம்பியோடு உள்ளே நுழைந்தோம், யாரும் தடுக்கவில்லை. எனக்கு உடம்பே கூசியது. ஆனால் விஷயம் வெளியே வந்ததும் அந்தக் கூட்டத்தால்தான். கல்லூரி இரண்டாம் வருடத்தில் வயிறு எரிகிறது, உடம்பெல்லாம் வலி என்று இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தானே, அதை அம்மா சொன்னாள். நாங்கள் அதை அல்சர் என்று நினைத்திருந்தோம். அது மனச்சோர்வாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். ராத்திரி பகல் தூங்காமல் திட்டம் போட்டு, இருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்த தாய்மாமா கதையைச் சித்தி எடுத்தாள். அம்மா முறைத்தாள். டாக்டர் விடாமல் அதையும் எழுதிக்கொண்டார்.

அம்மன் பேசுவதைப் பற்றி அவர் பதறவே இல்லை. "உங்க வீட்ல மத்தவங்ககிட்டயும் பேசுவாளா? இல்ல, அந்த எட்டு நாள்தான் பேசினாளா?" என்று மட்டும் கேட்டார். மேனியா, அதாவது தூக்கமே இல்லாமல் மிதமிஞ்சிய தெம்போடு திரியும் நிலை, உச்சத்துக்குப் போனாலும் குரல் கேட்கும், அதை மட்டும் வைத்து சிசோஃப்ரினியா என்றுவிட முடியாது என்றார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை இனங்காணும் டி.எஸ்.எம்-5 கையேட்டிலேயே, நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியை விசாரிக்க 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. அந்த ஊர்ப் புத்தகம்தான். அங்கே எங்களிடம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. அங்கே கறுப்பின நோயாளிகளின் மனச்சோர்வு, மேனியா போன்ற மனநிலைக் கோளாறு சிசோஃப்ரினியாவாகப் பதிவாவதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குரல் கேட்கிறது என்றதும் மருத்துவரின் காது அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கும் முன்பு, 1972இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், நியூயார்க் மருத்துவர்கள் லண்டன்காரர்களைவிட அதிகமாக சிசோஃப்ரினியா என்று எழுதியது தெரிந்தது. இரண்டு ஊர் நோயாளிகளையும் ஒரே அளவுகோலால் பார்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதாவது வேறுபட்டது நோய் இல்லை, எழுதிய கை.

சரி, நம் ஊர் டாக்டருக்குக் கோயில் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் அவர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். "பைபோலார்" என்றார், குரலைத் தாழ்த்தி. மனச்சோர்வும் மேனியாவும் மாறி மாறி வரும் நோய். "பையன்கிட்ட நரம்புத் தளர்ச்சின்னு சொல்லிக்கலாம். கல்யாணம் ஆக வேண்டிய பையன் பாருங்க." முப்பத்தொரு வயது ஆள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். தவறான பெயரை அங்கே அவன் கையிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். இவர் சரியான பெயரை அவனைத் தவிர எல்லோரிடமும் சொல்கிறார். "அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்றேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். டாக்டர் சிரித்துவிட்டு மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை, அது சரியாக இருந்தால் லித்தியம் என்று சீட்டில் இருந்தது. பைபோலாருக்கான மருந்து. வண்டியில் தம்பி அதை என் கையிலிருந்து வாங்கிப் படித்தான்.

"அக்கா, நரம்புத் தளர்ச்சிக்கு எதுக்கு லித்தியம்?"

அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.