பீஷான்–அங் மோ கியோ பூங்கா: ஆற்றைத் தொட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது

சிங்கப்பூருக்கு வருகிறோம், எங்கே போகலாம் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் பூங்காவைத்தான். நுழைவுச்சீட்டு இல்லை, இரவு பகல் எப்போதும் திறந்திருக்கும், 62 ஹெக்டேர் பரப்பு. புல்வெளியும் விளையாட்டுத் திடலும் வேறு இடங்களிலும் இருக்கின்றன. இங்கே போகச் சொல்வது நடுவில் ஓடும் காலாங் ஆற்றுக்காக.

இன்றைக்குப் புதிதாக வந்து பார்ப்பவர்கள் நம்பவே மாட்டார்கள், இது முன்பு பூங்காவின் ஓரமாக நேர்கோட்டில் போன 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய். மழைத்தண்ணீரை வேகமாக வெளியேற்றுவது மட்டும்தான் அதன் வேலை. வடிகால்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் நெருங்கிப் பழகும் இடங்களாக மாற்ற 2006இல் தொடங்கிய ஏபிசி வாட்டர்ஸ் திட்டத்தின் கீழ், தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தக் கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஆற்றைப் பூங்காவுக்குள் அதன் போக்கில் வளைய விட்டார்கள். வளைந்து போவதால் இப்போது 3.2 கிலோமீட்டர் நீளம். வேலை முடிந்து 2012இல் திறந்தார்கள். பெயர்த்த கான்கிரீட்டையும் வீணாக்கவில்லை, அதைக் குவித்து ஒரு சின்னக் குன்று எழுப்பியிருக்கிறார்கள், மேலே ஏறினால் ஆறு வளைந்து போவது நன்றாகத் தெரியும்.

போனால் கரையில் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். கல் இடுக்கில் செடி முளைத்திருக்கும், சில இடத்தில் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கரையோடு பதித்த இடத்தில் புதர் மண்டியிருக்கும். அழகுக்கு வைத்த செடிகள் இல்லை இவை, வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டு கரையை நிறுத்துகிறது. வெயிலும் மழையும் இப்படி அடிக்கும் ஊரில் இது நிற்குமா என்ற சந்தேகம் இருந்ததால், 2009இல் பக்கத்து வடிகால் ஒன்றில் 60 மீட்டர் தூரத்துக்குப் பல முறைகளைச் செய்து பார்த்து, தாக்குப்பிடித்தவற்றைத்தான் ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். அவசரப்படாமல் செய்த இந்த வேலைக்காகவே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குழந்தைகளோடு போகிறவர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பார்கள், சரியான கேள்விதான், ஏனென்றால் தண்ணீருக்கும் நமக்கும் நடுவே கம்பி எதுவும் கிடையாது. படிக்கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடக்கலாம், பிள்ளைகள் ஓரமாகக் காலை நனைத்துக்கொண்டு மீன் பார்க்கிறார்கள். கனமழை பெய்தால் ஆறு சுமார் 100 மீட்டர் அகலம் வரை விரிந்து, அதுவரை நாம் உட்கார்ந்திருந்த புல்வெளி முழுக்கத் தண்ணீராகிவிடும். அதற்காகத்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவி, எச்சரிக்கை விளக்கு, சைரன், ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் உண்டு. சரிவு மெதுவானது, நடந்தே மேலேறிவிடலாம். இருந்தாலும் வானம் கறுத்தால் சைரனுக்குக் காத்திருக்காதீர்கள், மேலே வந்துவிடுங்கள்.

அப்புறம் நீர்நாய்கள். 1970களுக்குள் சிங்கப்பூரில் காணாமலே போய், 90களின் கடைசியில் திரும்பி வந்தவை. அதில் ஒரு குடும்பம் இந்தப் பூங்காவில் குடியேறி, பீஷான் குடும்பம் என்றே ஊர் முழுக்கப் பெயர் வாங்கியது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், பக்கத்தில் பெரிய சாலை, நடுவே நீர்நாய் மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றுகொண்டிருக்கும், எலும்பு நொறுங்கும் சத்தம் கரைக்குக் கேட்கும். எல்லா நாளும் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. நாரை, மீன்கொத்தி, நீர் உடும்பு, தட்டான் இவற்றுக்குக் குறைவில்லை. ஓடைக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்புவதுதான் சீரமைப்பு என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து நிற்க வேண்டும்.

மனதுக்குப் பிடிக்காதது, வருகிற சிலருடைய நடத்தை. நீர்நாயைக் கண்டதும் கேமராவோடு கரைக்கு இறங்கி வளைத்துக்கொள்கிறார்கள், குட்டி இருக்கும்போது அது கடிக்கவும் செய்யும். உங்கள் வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், இங்குள்ள விலங்குகளுக்கு ரொட்டி போடாதீர்கள். குப்பையும் போடக் கூடாது, இந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது குடிநீருக்காகச் சேமிக்கும் மரினா நீர்த்தேக்கத்துக்கு, அதாவது சிங்கப்பூரில் நம் வீட்டுக் குழாய்க்கு.

இன்னொரு விஷயம், ஆற்றோரப் புல்வெளியில் நிழல் குறைவு. பதினோரு மணிக்கு மேல் வயதானவர்களால் நிற்க முடியாது. மேரிமவுண்ட் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள குளத்துப் பகுதி அந்த நேரத்துக்குப் பரவாயில்லை, அங்கே குளத்துத் தண்ணீரைச் செடிப் பாத்திகள் வழியாக விட்டு வடிகட்டுவதையும் பார்க்கலாம். வார நாளில் காலை ஏழு, ஏழரைக்கு வாருங்கள். பீஷான் அல்லது மேரிமவுண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்து வந்துவிடலாம், தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் போதும்.