தராசு இல்லாமல் ஏற்றிய கேஸ்: ஏசி வருட ஒப்பந்தத்தில் நான் ஏமாந்த கதை

திருவான்மியூர், அடையாறு பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். போன ஜனவரியில் 10,200 ரூபாய் போனது. கூடவே ஹால் ஏசியின் கம்ப்ரஸரும் போயிருக்கும், தப்பியது அதிர்ஷ்டம்.

அதற்கு முந்தைய வருடம் கத்திரி வெயிலில் ஏசி நின்றுபோய், மெக்கானிக் கிடைக்காமல் நாலு ராத்திரி மொட்டை மாடியில் படுத்தோம். அதனால் இந்த முறை பொங்கல் முடிந்த கையோடு வருடம் முழுவதற்கும் ஏற்பாடு செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏசி கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் சென்னை' என்று போனில் தேடினேன். முதலில் வந்த நம்பரை அழுத்தினேன். தப்பு அங்கேதான் ஆரம்பம். எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது. கம்பெனியின் சொந்த ஆப்பில் பார்த்தால் என் பெயரில் ஒரு கோரிக்கைகூடப் பதிவாகவில்லை.

இரண்டு ஏசிக்கு வருடத்தில் நாலு சர்வீஸ், கீசருக்கு ஒரு தடவை உப்பு எடுப்பது, எல்லாம் சேர்த்து ஏஎம்சி, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், 6,400 ரூபாய். முழுப் பணமும் முன்னாலேயே. 'ஸ்பேர் பார்ட்ஸ் சேருமா?' என்று கேட்டேன். 'எல்லாமே கவராகும் சார்' என்றார்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'கேஸ், பிசிபி, காயில் நீங்கலாக' என்று இருந்தது. அதாவது குளிரூட்டும் வாயு, சர்க்யூட் போர்டு, குழாய்ச்சுருள் எதுவும் சேராது. அவையெல்லாம் நீங்கலாகப் போனால் ஏசியில் மிச்சம் இருப்பது ரிமோட்தான்.

இரண்டு பையன்கள் வந்தார்கள். ஹால் ஏசியை ஆன் செய்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஃபில்டரைக் கழற்றக்கூட இல்லை, அவுட்டோர் யூனிட்டில் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜைச் சொருகிவிட்டான் ஒருவன். முள் 100-ஐத் தொடவில்லை. 'பாருங்க சார், 140 இருக்கணும். கேஸ் கம்மி. இப்படியே ஓட்டினா கம்ப்ரஸர் போயிடும்.' கம்ப்ரஸர் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் தலையாட்டிவிட்டேன். 3,800 ரூபாய்.

அம்மா சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 'தம்பி, எத்தனை கிலோ ஏத்தினே?' என்று கேட்டார். 'அது பிரஷர் பார்த்து ஏத்துறதும்மா, கிலோ கணக்கு கிடையாது' என்றான் அந்தப் பையன். அவர்கள் போன பிறகு அம்மா சொன்னார்: 'கீரை விக்கிறவளே கட்டு எண்ணித் தர்றா. இவன் 3,800 ரூபாய்க்குத் தராசே கொண்டு வரலையேடா.' நான் சிரித்தேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் ஹால் ஏசி மதியத்தில் பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். ஏஎம்சி நம்பரை அழைத்தால் முதல் நாள் 'வண்டி ரிப்பேர்', இரண்டாம் நாள் 'நாளை காலை முதல் கால் உங்களுக்குத்தான்'. மூன்றாம் நாள் போன் எடுக்கவே இல்லை.

அலுவலக நண்பர் ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். ஐம்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. கேஜைத் தொடவில்லை. முதலில் அவுட்டோர் யூனிட் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துணியால் துடைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'ஆர்32 – 0.80 கிலோ' என்று இருந்தது, கேஸின் வகையும் அளவும். ஐந்து வருடமாக வீட்டில் இருக்கிற ஏசியில் அப்படி ஒரு ஸ்டிக்கர் இருப்பதே எனக்குத் தெரியாது. அப்புறம் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்தார். ஸ்டிக்கரில் போட்டிருந்ததைவிடக் கரண்ட் கூடுதலாக இழுத்தது. பில்லை வாங்கிப் பார்த்து, 'என்ன கேஸ் போட்டாங்க?' என்றார். பில்லில் 'கேஸ் டாப்-அப்' என்பதோடு சரி.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடக் குறைகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் மேலே மேலே ஏற்றுவது காசு பிடுங்குகிற வேலை. ஃபில்டர் அடைத்திருந்தாலே காற்றோட்டம் குறைந்து முள் இறங்கித்தான் காட்டும். ஜனவரி மாதக் குளிர்ந்த காலையிலும் குறைவாகத்தான் இருக்கும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முள்ளும் மாறும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரவில்லை. ஆக, ஜனவரியில் சரியாக இருந்த ஏசியில்தான் எதையோ கூடுதலாகத் திணித்திருக்கிறார்கள். மதியத்தில் அது நின்று நின்று போனது அதனால்தான்.

உள்ளே இருந்த கேஸை முழுவதும் எடுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் வேக்யூம் பம்ப் ஓட்டி, டிஜிட்டல் தராசில் சிலிண்டரை வைத்து எண்ணூறு கிராம் ஏற்றினார். அம்மா எழுந்து வந்து தராசை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கீசரையும் கேட்டேன். 'உப்பு எடுத்தாச்சு' என்று ரசீதில் டிக் அடித்திருந்தார்கள். அன்று நான் பார்த்ததெல்லாம், அடியில் இருந்த குழாயைக் கழற்றி ஒரு வாளி தண்ணீர் விட்டதுதான். மெக்கானிக் மூடியைத் திறந்து, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்டை வெளியே எடுத்தார். எங்கள் போர்வெல் தண்ணீருக்கு அது சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாய், கம்பியே தெரியாமல் தடித்திருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய மெக்னீசியம் கம்பி கரைந்து குச்சியாகிவிட்டது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைவதற்கென்றே வைத்திருக்கும் கம்பியாம் அது. அதை மாற்றினால் போதும் என்றார்.

பணத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் ரசீதில் இருந்த முகவரிக்கு நேரில் போனால் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை. யுபிஐ-யில் பணம் போனது ஏதோ ஒரு தனி ஆளின் பெயருக்கு. அனுப்பும்போதே திரையில் அந்தப் பெயர் வந்தது, நான்தான் கவனிக்கவில்லை. 1930 சைபர் குற்ற எண்ணுக்கும் சொன்னேன். அது பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பலன், நான் சொன்னது மூன்று மாதம் கழித்து.

இப்போதைய என் வருடத் திட்டம் காலண்டரில் பென்சிலால் எழுதியது. ஃபில்டர் கழுவுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நானே. பிப்ரவரி கடைசியில் தண்ணீர் சர்வீஸ், மழைக்கு முன்னால் இன்னொன்று. கடல் காற்று அவுட்டோர் காயிலை அரிப்பதால் அதையும் நன்றாகக் கழுவச் சொல்லியிருக்கிறேன். கீசர் மார்கழிக்கு முன்னால். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த பிறகு காசு. கேஸ் என்ற பேச்சு எழுந்தால் முதலில் லீக் எங்கே என்று காட்ட வேண்டும், அப்புறம் தராசு.

அந்த நம்பர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. போன வாரம் மனைவியின் போனிலிருந்து அழைத்துப் பார்த்தேன். அதே பெண் குரல், இந்த முறை வேறொரு கம்பெனியின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார்.